போடவும் பயம், நிறுத்தவும் பயம்: வலிப்பு மாத்திரைகள்

ஃபிட்ஸ் மாத்திரைகள் பற்றிக் கடலூர், புதுச்சேரி வாசகர்கள் கேட்டவற்றுக்கு நரம்பியல் மருத்துவர் ஒருவரும் மருந்தாளுநர் ஒருவரும் சேர்ந்து பதில் சொல்கிறார்கள். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறோம், பெயர்களை வெளியிடவில்லை.

அப்பாவுக்கு 58 வயது. பல வருஷமாக எப்டாயின் 100, மூன்று வேளையும் ஒவ்வொன்று. போன மாதம் இரண்டு தடவை ஃபிட்ஸ் வந்ததால் ராத்திரி இரண்டாகக் கூட்டினார்கள். மூன்று வாரத்தில் நடை தள்ளாடுகிறது, ஒன்று இரண்டாகத் தெரிகிறது, பேச்சும் குழறுகிறது. குடித்திருக்கிறார் என்று தெருவில் பேசுகிறார்கள். ஒரே ஒரு மாத்திரைதானே கூடியது, அதற்கா இவ்வளவு?
- மகள், திருப்பாதிரிப்புலியூர்

அந்த ஒரு மாத்திரையாகத்தான் இருக்கும், அம்மா. எப்டாயினில் இருப்பது ஃபெனிட்டாயின். 1938 முதல் வலிப்புக்குக் கொடுத்து வரும் பழைய, மலிவான, நல்ல மருந்து. ஆனால் கணக்கில் மட்டும் முரண்டு பிடிக்கும். மற்ற பல மருந்துகளில் டோஸ் எவ்வளவு கூடுகிறதோ, ரத்தத்திலும் ஏறக்குறைய அதே விகிதத்தில் கூடும். ஃபெனிட்டாயினை உடைக்கும் கல்லீரல் நொதிக்கோ ஓர் எல்லை உண்டு. ரேஷன் கடையில் பில் போட ஒரே ஆள் இருக்கும்போது பத்துப் பேர் கூடுதலாக வந்தால் வரிசை தெருவரை நீளும் அல்லவா, அப்படித்தான். எல்லையைத் தொட்ட பிறகு கூட்டுகிற ஒவ்வொரு மில்லிகிராமும் ரத்தத்தில் தேங்குகிறது. 300 மி.கி.யில் சரியாக இருந்தவர் 400 மி.கி.யில் தள்ளாடுவது நாங்கள் அடிக்கடி பார்ப்பது.

ரத்தத்தில் ஒரு மில்லிலிட்டருக்கு 10 முதல் 20 மைக்ரோகிராம் வரை இருக்கலாம். 20ஐத் தாண்டினால் ஓரமாகப் பார்க்கும்போது கருவிழி துடிக்கும். 30ஐ ஒட்டி நடை தள்ளாடும். 40க்கு மேல் தூக்கமும் குழப்பமும்தான். வீட்டிலேயே ஒன்று செய்து பார்க்கலாம். அப்பாவின் முகத்துக்கு நேரே உங்கள் விரலைப் பிடித்து, மெதுவாக ஒரு பக்கம் நகர்த்துங்கள். தலையைத் திருப்பாமல் கண்ணால் மட்டும் அவர் அதைத் தொடரட்டும். ஓரத்தில் போய் கருவிழி நிலைக்காமல் உதறினால் சந்தேகம் வலுக்கிறது.

இன்றே டாக்டரிடம் கூட்டிப் போங்கள். நீங்களாக மொத்தமாக நிறுத்திவிடாதீர்கள். சட்டென்று நிறுத்தினால் வலிப்பு ஒன்றன்பின் ஒன்றாக வந்து நிற்காமல் போகக்கூடும். ஃபெனிட்டாயின் அளவுக்கான ரத்தப் பரிசோதனையை வழக்கமாகக் காலை மாத்திரைக்கு முன் எடுப்பார்கள். இப்படித் தள்ளாடும்போது எந்த நேரத்திலும் எடுக்கலாம், காத்திருக்க வேண்டாம். கூடவே அல்புமின் என்ற ரத்தப் புரதத்தின் அளவும் பார்க்கச் சொல்லுங்கள். இந்த மருந்தில் பத்தில் ஒன்பது பங்கு ரத்தப் புரதத்தோடு ஒட்டிக்கொண்டே திரியும். வேலை செய்வது மீதி ஒரு பங்குதான். புரதம் குறைந்தவருக்கு ரிப்போர்ட்டில் 15 என்று அழகாக இருக்கும், ஆள் தள்ளாடிக்கொண்டிருப்பார்.

டோஸைக் கூட்டத்தான் வேண்டும் என்றால் 100 ஆகக் கூட்டாமல் 25 அல்லது 50 ஆகக் கூட்டுவது நல்லது. 50 மி.கி. மாத்திரை கடையில் கிடைக்கிறது. கூட்டிய பிறகு இரண்டு மூன்று வாரம் விட்டு அளவு பார்க்க வேண்டும். அதற்குள் பார்த்தால் ஏறிக்கொண்டிருக்கிற எண்ணைத்தான் பார்ப்பீர்கள்.

இன்னொன்று: இடையில் வேறு மருந்து எதுவும் சேர்ந்ததா? படர்தாமரைக்குக் கொடுக்கும் ஃப்ளுகோனசோல், காசநோய்க்கான ஐசோனியாசிட் இரண்டும் ஃபெனிட்டாயினை ஏற்றிவிடும். காசநோய்க்கே உரிய ரிஃபாம்பிசின் அதை இறக்கிவிடும். டாக்டரிடம் போகும்போது வீட்டில் இருக்கிற எல்லா அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துப் போங்கள். வாயால் சொல்வதைவிட அது மேல்.

பல வருஷம் போட்டவர் என்பதால் ஈறையும் பாருங்கள். பல்லுக்கு மேல் ஈறு தடித்து வளர்வது இந்த மருந்தின் முத்திரை. தினம் இரண்டு வேளை துலக்குவதும் ஆறு மாதத்துக்கு ஒருமுறை பல் டாக்டர் சுத்தம் செய்வதும் அதைக் கட்டுப்படுத்தும். எலும்பும் தேயும் என்பதால் வைட்டமின் டி அளவைப் பார்ப்பது நல்லது.

கணவருக்கு டெக்ரிடால் ஆரம்பித்துப் பன்னிரண்டு நாள் ஆகிறது. மார்பிலும் முதுகிலும் சிவப்பாகத் தடித்திருக்கிறது. வெயிலுக்கு வேர்க்குரு என்று மெடிக்கலில் லோஷன் கொடுத்தார்கள். மாத்திரையைத் தொடரலாமா?
- வாசகி, வில்லியனூர்

இதை அடுத்த ஓபி நாள் வரை தள்ளிப்போடக் கூடாது. டெக்ரிடாலில் இருப்பது கார்பமசெபின். கார்பமசெபின், ஃபெனிட்டாயின், லாமோட்ரிஜின், ஆக்ஸ்கார்பசெபின், பினோபார்பிட்டோன் இவற்றில் எதைத் தொடங்கினாலும் முதல் எட்டு வாரத்தில் வரும் தடிப்பு, வேறு காரணம் உறுதியாகும் வரை, மருந்தால் வந்ததே என்று எடுத்துக்கொள்ள வேண்டும்.

வேர்க்குரு வியர்க்கும் மடிப்பிலும் துணி உரசும் இடத்திலும் பொடிப்பொடியாக வரும், அரிக்கும், விசிறியடியில் உட்கார்ந்தால் அடங்கும். மருந்துத் தடிப்பு மார்பில் தொடங்கி இரண்டு பக்கமும் ஒரேபோல் பரவும், குளிர்ச்சிக்கு அடங்காது. அதோடு காய்ச்சல், கண் சிவப்பு, உதட்டிலோ வாயிலோ பிறப்புறுப்பிலோ புண், தோல் கொப்புளிப்பது, தொட்டால் எரிவது, முகம் வீங்குவது, கழுத்தில் நெறி கட்டுவது இதில் ஒன்று இருந்தாலும் அடுத்த வேளை மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே அவசர சிகிச்சைப் பிரிவுக்குப் போங்கள். நடு ராத்திரியானாலும் சரி. தோல் உரிந்து உயிருக்கே வினையாகும் ஸ்டீவன்ஸ்-ஜான்சன் நோய் இப்படித்தான் தொடங்கும். வலிப்பு மாத்திரையை நிறுத்தாதீர்கள் என்று இந்தப் பக்கம் முழுக்கச் சொல்கிறோம். அதற்கு விலக்கு இது ஒன்றுதான். ஆஸ்பத்திரியில் வேறு மருந்து கொடுத்து வலிப்பைப் பார்த்துக்கொள்வார்கள். இந்த அறிகுறி எதுவும் இல்லாமல் வெறும் தடிப்பாக இருந்தாலும், எழுதிய டாக்டருக்கு இன்றே போன் செய்து கேட்டுவிட்டுத்தான் அடுத்த மாத்திரை.

ஹெச்.எல்.ஏ.-பி 15:02 என்ற மரபணு வகை ஆசிய மக்களில் சிலருக்கு உண்டு. அவர்களுக்குக் கார்பமசெபினால் இந்த ஆபத்து பல மடங்கு. 2007இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இதை எச்சரித்தது. இதற்கு ரத்தப் பரிசோதனை இருக்கிறது.

ஒரு மருந்துக்குத் தடிப்பு வந்தவருக்கு மேலே சொன்ன பட்டியலில் இன்னொன்றைக் கொடுத்தாலும் வரலாம். மருந்தின் பெயரை நோயாளியின் நோட்டில் முதல் பக்கத்தில் சிவப்பு மையில் எழுதி வையுங்கள். கம்பெனி வைத்த பெயரை அல்ல, உள்ளே இருக்கும் மருந்தின் பெயரை.

எனக்கு 24 வயது. பிளஸ் டூவிலிருந்து என்கோரேட் 500 காலை, மாலை. மூன்று வருஷமாக ஃபிட்ஸ் இல்லை. முடி கொட்டுகிறது, எடை ஏறிவிட்டது. தை மாதம் கல்யாணம். மாத்திரையை நிறுத்திவிட்டால் என்ன என்று வீட்டில் கேட்கிறார்கள்.
- வாசகி, லாஸ்பேட்டை

நிறுத்துவது அல்ல, மாற்றுவதுதான் கேள்வி. அதற்குக் கல்யாணத்துக்கு முன்பே நேரம் ஒதுக்குங்கள்.

என்கோரேட்டில் இருக்கும் வால்புரோயேட் பல வகை வலிப்புக்குக் கேட்கும் கெட்டிக்கார மருந்து. முடி கொட்டல், எடை, கை நடுக்கம், மாதவிலக்குக் கோளாறு, சினைப்பையில் நீர்க்கட்டி எல்லாம் அதன் உபயம்தான். அவற்றைச் சமாளிக்கலாம். கர்ப்பத்தில் அது செய்வதைச் சமாளிக்க முடியாது. தாய் வால்புரோயேட் எடுத்த நூறு கர்ப்பங்களில் சுமார் பத்துக் குழந்தைகளுக்கு முதுகுத்தண்டு, இதயம், மேலண்ணம் போன்றவற்றில் பிறவிக் குறை வருகிறது. சாதாரணமாக இது நூற்றுக்கு இரண்டு மூன்று. 30 முதல் 40 குழந்தைகளுக்குப் பேச்சிலும் படிப்பிலும் பின்தங்கல் வருகிறது. டோஸ் கூடக்கூட ஆபத்தும் கூடும். முதுகுத்தண்டுக் குறை முதல் நான்கு வாரத்திலேயே தீர்மானமாகிவிடும். நாள் தள்ளிப்போனது தெரிந்து டாக்டரிடம் ஓடும்போது அந்தக் கட்டம் கடந்திருக்கும்.

லெவெட்டிராசெட்டமும் லாமோட்ரிஜினும் கர்ப்பத்தில் பாதுகாப்பு அதிகம் உள்ளவை. உங்கள் வலிப்பு வகைக்கு எது ஒத்துவரும் என்று நரம்பியல் மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சில வகை வலிப்புகள் வால்புரோயேட்டுக்கு மட்டுமே அடங்கும் என்பதும் உண்மை. லாமோட்ரிஜின் என்றால் அவசரப்படவே முடியாது. வால்புரோயேட் அதன் அளவை இரட்டிப்பாக்குவதால் 25 மி.கி.யை ஒருநாள் விட்டு ஒருநாள் இரண்டு வாரம், பிறகு தினம் 25 இரண்டு வாரம் என்று நகர வேண்டும். வேகமாக ஏற்றினால் மேலே சொன்ன தடிப்பு வரும். இடையில் ஐந்தாறு நாள் விட்டுப்போனாலும் பழைய டோஸில் தொடரக் கூடாது, கேட்டுவிட்டு அடியிலிருந்து தொடங்க வேண்டும். ஆக மாற்றம் முடிய இரண்டு மூன்று மாதம் பிடிக்கும். தைக்கு இப்போதே கிளம்பினால்தான் சரி. கோரிமேடு ஜிப்மரில் நரம்பியல் பிரிவு உண்டு. முதல் சீட்டு, இ.இ.ஜி., ஸ்கேன் எல்லாம் எடுத்துக்கொண்டு போங்கள்.

ஃபோலிக் அமிலம் 5 மி.கி. தினம் ஒன்று, குழந்தைக்கு முயல்வதற்கு முன்பிருந்தே. மாற்றம் முடியும் வரை குழந்தையைத் தள்ளிப்போடுங்கள். கருத்தடை மாத்திரை போடும் எண்ணம் இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள்: ஃபெனிட்டாயின், கார்பமசெபின், பினோபார்பிட்டோன் போடுபவர்களுக்கு அது பலிக்காமல் போகலாம், லாமோட்ரிஜின் போடுபவர்களுக்கு வலிப்பு மருந்தின் அளவே இறங்கும். காப்பர்-டி எந்த மருந்தோடும் மோதாது. பிற்பாடு தாய்ப்பால் கொடுக்கத் தடையில்லை.

மாப்பிள்ளை வீட்டில் சொல்வதா என்று நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் சொல்கிறோம். 1999 திருத்தத்துக்குப் பிறகு இந்துத் திருமணச் சட்டத்தில் வலிப்பு ஒரு தடை அல்ல. மறைத்துக் கல்யாணம் செய்து, புகுந்த வீட்டில் யாரும் பார்க்காமல் மாத்திரை போட முடியாமல் நாலு வேளை விட்டு, ஃபிட்ஸ் வந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறவர்களே அதிகம். சொல்லிவிடுவது மருந்துக் கணக்கிலும் நல்லது.

நான்கு வயது மகனுக்கு வால்புரோயேட் சிரப், "150 மி.கி. இரண்டு வேளை" என்று எழுதியிருக்கிறார்கள். டீஸ்பூனால் கொடுக்கிறேன். சில நாள் தூங்கி வழிகிறான், சில நாள் வாந்தி.
- தாய், பண்ருட்டி

டீஸ்பூனைத் தூக்கிப் போடுங்கள். வீட்டுக்கு வீடு அது 3 மி.லி.யும் பிடிக்கும், 7 மி.லி.யும் பிடிக்கும். பாட்டிலில் "5 மி.லி.யில் 200 மி.கி." என்று இருந்தால் 150 மி.கி. என்பது 3.75 மி.லி. மருந்துக் கடையில் ஊசி இல்லாத 5 மி.லி. சிரிஞ்ச் வாங்கி, கோட்டைப் பார்த்து இழுத்துக் கன்னத்தின் உள்பக்கம் மெதுவாக விடுங்கள். மி.கி. வேறு, மி.லி. வேறு, டாக்டர் மி.கி.யில் எழுதினால் "எத்தனை மி.லி.?" என்று கேட்டு சீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கடையில் வேறு கம்பெனி பாட்டில் கொடுத்தால் மறுபடியும் படித்துப் பாருங்கள், அடர்த்தி மாறியிருக்கலாம்.

சாப்பிட்ட பிறகு கொடுத்தால் வாந்தி குறையும். கொடுத்த கால் மணி நேரத்துக்குள் மருந்தோடு வாந்தி எடுத்தால் அதே அளவை இன்னொரு முறை கொடுக்கலாம், அதற்குப் பிறகு என்றால் வேண்டாம். ஆனால் விடாத வாந்தி, சாப்பாட்டில் வெறுப்பு, கடுமையான வயிற்றுவலி, கண் மஞ்சள், வழக்கத்தைவிட மந்தம், அடங்கியிருந்த ஃபிட்ஸ் திரும்ப வருவது இவை கல்லீரலோ கணையமோ பாதிக்கப்பட்டதன் அடையாளமாக இருக்கலாம். முதல் ஆறு மாதத்தில் இதில் கவனம் அதிகம் வேண்டும். உடனே டாக்டரிடம்.

ஃபெனிட்டாயின் சிரப் கொடுக்கிற பெற்றோருக்கு ஒரு வார்த்தை: அது அடியில் படியும். குலுக்காமல் கொடுத்தால் புதுப் பாட்டிலின் முதல் வாரத்தில் மருந்து போதாமல் ஃபிட்ஸ் வரும், கடைசி வாரத்தில் மருந்து கூடிப் பிள்ளை தள்ளாடும். ஒவ்வொரு தடவையும் நன்றாகக் குலுக்குங்கள்.

கடலுக்குப் போகிறவன். ராத்திரி இரண்டு மணிக்குக் கிளம்பினால் மத்தியானம்தான் கரை. காலை மாத்திரை அடிக்கடி விட்டுப்போகிறது. மாத்திரையைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போகலாமா?
- வாசகர், தேவனாம்பட்டினம்

காலை, இரவு என்று எழுதியிருப்பது பன்னிரண்டு மணி நேர இடைவெளிக்காகத்தான். இட்லியோடும் சோற்றோடும் அதற்குச் சம்பந்தமில்லை. கிளம்பும் முன் ஒன்று, மதியம் கரை ஏறியதும் ஒன்று என்று டாக்டரிடம் கேட்டு மாற்றிக்கொள்ளுங்கள். விட்டுப்போனால் நினைவு வந்ததும் போடுங்கள். அடுத்த வேளைக்கு நாலு மணி நேரம்தான் இருக்கிறது என்றால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டு சேர்த்துப் போட வேண்டாம்.

அதைவிடப் பெரிய விஷயம் தூக்கம். தூக்கம் கெட்டால் மாத்திரை போட்டும் வலிப்பு வரும். இரவுத் தொழிலுக்குப் போகிறவர் பகலில் ஆறு ஏழு மணி நேரமாவது தூங்கியாக வேண்டும். ஃபிட்ஸ் இன்னும் வந்துகொண்டிருந்தால் படகில் ஏறவே கூடாது என்பது எங்கள் அபிப்பிராயம். நீச்சல் தெரியும் என்ற கணக்கு அங்கே செல்லாது, நினைவே இருக்காது. கரையில் வலை சரிபார்க்கும் வேலை, ஏலக்கூடத்து வேலை பாருங்கள். அடங்கி நெடுநாள் ஆகி, டாக்டர் சம்மதித்தால் உடன் ஆள், லைஃப் ஜாக்கெட் இரண்டும் இருந்து போங்கள்.

சட்டைப் பை வேண்டாம். நம் கடற்கரை ஈரக்காற்று மாத்திரைக்கு ஆகாது. கார்பமசெபின் ஈரத்தில் இறுகிப்போய் மூன்றில் ஒரு பங்கு வரை வீரியம் இழக்கும். சோடியம் வால்புரோயேட் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுத்துவிடும். அதை வாரத்துக்கு முன்கூட்டியே அட்டையிலிருந்து பிரித்து டப்பாவில் அடுக்கி வைக்காதீர்கள். அட்டையோடு கத்தரித்து, மூடி இறுகிய டப்பாவில் கொண்டு போங்கள். பாத்ரூம் அலமாரி, ஃபிரிட்ஜ் மேல் தட்டு எல்லாம் தவறான இடம்.

ஐப்பசி பிறந்தால் கையிருப்பை இரண்டு வாரத்துக்குக் குறைய விடாதீர்கள். 2011 டிசம்பரில் தானே புயல், 2024 நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல், அதையடுத்துத் தென்பெண்ணை வெள்ளம் என்று கடை திறக்காத நாட்களை இந்த ஊர் பார்த்திருக்கிறது. சீட்டை செல்போனில் படம் எடுத்து வைத்தால் முகாம் டாக்டரிடம் காட்டலாம்.

குடித்த அன்றைக்கு மாத்திரை போட்டால் விஷமாகிவிடும் என்று என் வீட்டுக்காரர் அன்று போடுவதில்லை.
- வாசகி, அரியாங்குப்பம்

தப்பு. குடியும் கேடு, விட்ட மாத்திரையும் கேடு. இரண்டும் சேர்ந்தால் மறுநாள் ஃபிட்ஸ். நிறையக் குடிப்பவருக்குக் கடைசிக் குவளைக்குப் பிறகு 6 முதல் 48 மணி நேரத்துக்குள் குடி இறங்கும்போதே வலிப்பு வரும், வலிப்பு நோய் இல்லாதவருக்குக்கூட. ஆகவே தினம் குடிப்பவர் திடீரென்று தானாக நிறுத்தாமல் டாக்டர் கண்காணிப்பில் நிறுத்த வேண்டும். ஃபிரிசியம் (க்ளோபசாம்), கார்டினால் (பினோபார்பிட்டோன்) போடுபவர் குடித்தால் தூக்கம் ஆழ்ந்து மூச்சே மந்தமாகலாம். தெளிவாக இருக்கிறார் என்றால் அன்றைய மாத்திரையைக் கொடுங்கள். எழுப்ப முடியாமல் கிடக்கிறார் என்றால் வாயில் எதுவும் போடாமல் ஒருக்களித்துப் படுக்க வைத்து 108ஐக் கூப்பிடுங்கள்.

லெவிபில் ஆரம்பித்ததிலிருந்து காலேஜ் படிக்கும் மகன் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுகிறான். தட்டை விசிறி அடிக்கிறான். வயசுக் கோளாறா?
- தந்தை, காலாப்பட்டு

மாத்திரைதான் முதல் சந்தேகம். லெவிபிலில் இருக்கும் லெவெட்டிராசெட்டம் மற்ற மருந்துகளோடு அதிகம் மோதாது, கல்லீரலைப் படுத்தாது. அதனால்தான் இப்போது எல்லோருக்கும் எழுதுகிறார்கள். அதன் குறை குணத்தில் தெரியும்: எரிச்சல், சிடுசிடுப்பு, சிலருக்குச் சோர்ந்த மனம். தொடங்கிய தேதியையும் கோபம் தொடங்கிய தேதியையும் எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். டோஸைக் குறைப்பார்கள் அல்லது வேறு மருந்துக்கு மாற்றுவார்கள்; சில டாக்டர்கள் வைட்டமின் பி6 சேர்த்துப் பார்ப்பார்கள். செத்துப்போகலாம் போலிருக்கிறது என்ற பேச்சு வந்தால் அன்றைக்கே கூட்டிப் போக வேண்டும். தம்பியைத் திட்டிப் பயனில்லை.

அம்மாவுக்கு 70 வயது. ஆக்ஸிடால் போடுகிறார். பி.பி.க்கு நீர் பிரியும் மாத்திரையும் உண்டு. ஒரு வாரமாகத் தலைசுற்றல், பேச்சில் குழப்பம்.
- வாசகர், நெல்லிக்குப்பம்

ரத்த சோடியம் இன்றே பாருங்கள். 135 முதல் 145 வரை இருக்க வேண்டியது ஆக்ஸிடாலில் உள்ள ஆக்ஸ்கார்பசெபினால் இறங்கும், நீர் மாத்திரை அதை இன்னும் இழுக்கும். 125க்குக் கீழே போனால் அதுவே வலிப்பை வரவழைக்கும். உப்பைக் கரைத்துக் குடிக்கக் கொடுத்துச் சமாளிக்கப் பார்க்காதீர்கள்.

டோபிராமேட் போடுகிறேன். சுரங்கத்தில் வேலை. வெயிலில் போகலாமா?
- வாசகர், நெய்வேலி

இந்த மருந்து சிலருக்கு வியர்வையைக் குறைக்கும், உடம்பு சூடேறும். சிறுநீரகக் கல்லும் வரலாம். கத்திரி வெயிலில் நிழலான வேலை கேளுங்கள், டாக்டர் வேறு சொல்லாவிட்டால் தினம் மூன்று லிட்டருக்குக் குறையாமல் தண்ணீர். விரல் நுனி மரத்து ஊர்வது சாதாரணம். சட்டென்று கண் வலித்துப் பார்வை மங்கினால் சாதாரணம் அல்ல, அன்றே கண் டாக்டர். கனரக வண்டியோ இயந்திரமோ ஓட்டுபவரானால் நிர்வாகத்திடம் மறைக்காதீர்கள்.

மருந்துக் கடையில் அதே மருந்து, விலை குறைந்த வேறு கம்பெனி தருகிறார்கள். வாங்கலாமா?
- வாசகர், பாகூர்

லெவெட்டிராசெட்டம் என்றால் தாராளமாக. ஃபெனிட்டாயின், கார்பமசெபின், பினோபார்பிட்டோன் மூன்றிலும் ஒரே கம்பெனியில் நிற்பது நல்லது. மலிவானதில் தொடங்கினால் மலிவானதிலேயே இருங்கள். கார்பமசெபினில் பெயருக்குப் பின்னால் "சி.ஆர்." என்று இருப்பது மெதுவாகக் கரைவது, அதற்குப் பதில் சாதா மாத்திரை கொடுத்தால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். சி.ஆரைப் பொடிக்கவோ மெல்லவோ கூடாது.

மகளின் பள்ளியில் மூக்கில் அடிக்கும் ஸ்ப்ரே கொடுத்து வைக்கச் சொன்னார்கள். டீச்சருக்கு என்ன எழுதிக் கொடுப்பது?
- தாய், மஞ்சக்குப்பம்

மிடசோலம் ஸ்ப்ரே. ஒரு தடவை அழுத்தினால் எத்தனை மி.கி. வரும் என்பது தயாரிப்புக்குத் தயாரிப்பு மாறும், மொத்த அளவோ குழந்தையின் எடைக்கு ஏற்ப. அதனால் "ஒவ்வொரு மூக்குத் துவாரத்திலும் எத்தனை தடவை" என்று டாக்டர் கையால் எழுதி வாங்குங்கள். எடை கூடும்போது அது மாறும்; ஆறு மாதத்துக்கு ஒருமுறை கேளுங்கள்.

தாளில் இப்படி எழுதுங்கள்: ஃபிட்ஸ் தொடங்கியதும் கடிகாரத்தைப் பார்க்கவும். ஒருக்களித்துப் படுக்க வைக்கவும். சாவிக்கொத்து, இரும்பு, தண்ணீர் எதுவும் வேண்டாம். பல்லைப் பிரிக்க வேண்டாம், கை காலை அமுக்க வேண்டாம். ஐந்து நிமிடம் ஆகியும் நிற்காவிட்டால் எழுதிய அளவு ஸ்ப்ரே அடித்து 108ஐக் கூப்பிடவும். மூச்சைக் கவனிக்கவும். புது ஸ்ப்ரேயை முதலில் இரண்டு மூன்று தடவை காற்றில் அழுத்தித் தூறல் வருகிறதா என்று நீங்களே பார்த்துவிட்டுக் கொடுங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்று கேட்டு வையுங்கள். தலைமையாசிரியர் அறை பீரோவில் பூட்டி, சாவி அவரோடு மீட்டிங் போயிருந்தால் ஸ்ப்ரே இருந்தும் இல்லாததுதான்.